யாஃபாவில் ஆறு மாதக் கடையடைப்பு

"ஆறு மாசம் கடையை அடைச்சான்னு சொல்லுதவன் கடை வச்சவனா இருக்க மாட்டான்ல. எல்லாத்துக்கும் பின்வாசல் ஒண்ணு தொறந்துதான் கெடந்திருக்கும்."

பாலஸ்தீனத்தில் 1936ஆம் வருடம் நடந்த பொது வேலைநிறுத்தத்தைப் பற்றி நான் பேசப் போகிறேன் என்று தெரிந்த அன்று என் அண்ணன் சொன்னது இது. வேறு யாராவது சொல்லியிருந்தால் உனக்கு என்ன தெரியும் என்று தள்ளிவிட்டுப் போயிருப்பேன். அண்ணனிடம் அப்படிச் சொல்ல முடியாது. அவருக்குக் கடை தெரியும்.

தி.நகரில், ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் மேட்சிங் சென்டர் இருக்கிறது. சேலைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ், உள்பாவாடை. பச்சை என்று கேட்டு வருகிற பெண்ணுக்குப் பாசிப்பச்சை, கிளிப்பச்சை, மாந்துளிர்ப் பச்சை என்று அலமாரி முழுக்க எடுத்துப் போட வேண்டும். அவர் கொண்டுவந்த சேலையின் பச்சை மட்டும் அதில் இல்லாமல் போனால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். பிறகு பத்து வருடத்துக்கு அங்கேதான் போவார். அதனால் கடை திறக்க அரைமணி தாமதமானாலே அண்ணனுக்குப் பொறுக்காது. பந்த் என்று அறிவித்தால் எங்கள் சந்து முழுக்க ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். கட்சிக்காரர்கள் வந்தால் "மூடியாச்சுங்க" என்போம். வாடிக்கையாளர் வந்தால் "குனிஞ்சு வாங்கம்மா" என்போம். இந்தப் பாதி ஷட்டர் வித்தையில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆகவே அண்ணன் சொன்ன பின்வாசல் அவரது கற்பனை அல்ல, அனுபவம்.

நான் கல்லூரியில் வரலாறு படித்தவன். படித்து முடித்த மறுவாரமே கடையில் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் பழக்கம் விடவில்லை. கல்லாவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு புத்தகம் திறந்திருக்கும். மயிலாப்பூரில், லஸ் பக்கம் ஒரு மாடி அறையில் மாதம் ஒருமுறை கூடுகிற வாசிப்புக் குழு ஒன்றில் சேர்ந்தேன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒரு அம்மாள், பெருங்குடியில் வேலை பார்க்கும் சில இளைஞர்கள், ஒரு பள்ளி ஆசிரியர், நான். அந்த வருடம் பாலஸ்தீனத்தை எடுத்துக்கொண்டோம். துருக்கியர் காலத்திலிருந்து ஆங்கிலேயர் கிளம்பிய நாள் வரைக்கும் அந்தச் சமூகம் எப்படி வாழ்ந்தது, எப்படி எதிர்த்து நின்றது என்று ஆளுக்கு ஒரு பகுதியைப் படித்து வந்து சொல்ல வேண்டும். எல்லாம் போன வாரம்தான் தொடங்கியது என்பது போல டிவியில் தினமும் சாயங்காலம் நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்களே, அதைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தில் நான்தான் இந்த யோசனையைச் சொன்னேன். வேலைநிறுத்தம் என் பங்குக்கு வந்தது. வியாபாரிதானே, கடையடைப்பை நீங்களே சொல்லுங்கள் என்று கிண்டலாகத் தள்ளிவிட்டார்கள். நான் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

குழுவில் ஒரு பாலஸ்தீன மாணவனும் இருந்தான். சென்னையில் முதுகலை படிக்க வந்தவன், அடையாற்றில் வாடகை அறையில் இருந்தான். குடும்பம் காஸாவில். அதற்கு முந்தைய ஊர் யாஃபா. 1948இல் அங்கிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். பெருங்குடி இளைஞர்களில் ஒருவர்தான் அவனைக் கூட்டி வந்தார். ஆங்கிலத்தில் அளவாகப் பேசுவான். மெஸ்ஸில் கற்றுக்கொண்ட தமிழில் 'போதும்ணா', 'சாம்பார் வேணாம்', 'போய்ட்டு வரேன்' என்று கொஞ்சம் சொல்வான். கூட்டங்களில் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். எங்களுக்குத் தெரியாததைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அவன் நினைத்ததில்லை. தன் ஊரைப் பற்றி அடுத்தவர் பேசுவதை ஒருமுறையாவது முழுசாகக் கேட்டால் போதும் என்று இருந்தது போலத் தோன்றும்.

காஸாவில் நடக்கும் இந்தப் போரில் அவன் அக்காவும் அக்காவின் பிள்ளைகளும் ஒரே நாளில் இறந்து போனார்கள். செய்தி போனில் வந்தது. மறுநாள் அவன் வகுப்புக்குப் போயிருக்கிறான். வேறு என்ன செய்வது, அறையில் உட்கார்ந்தால் யார் வரப் போகிறார்கள் என்று எங்களிடம் பிறகு கேட்டான். நாங்கள் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னோம். அந்த மொழியில் அதற்குமேல் எங்களுக்குச் சொல்ல வரவில்லை.

வேலைநிறுத்தம் பற்றிய கூட்டத்துக்குத் தான் கட்டாயம் வர வேண்டும் என்று அவன் முன்கூட்டியே சொல்லியிருந்தான். அவனுடைய கொள்ளுத்தாத்தா யாஃபாவில் துணிக்கடை வைத்திருந்தவர். அந்த ஆறு மாதத்தைப் பார்த்தவர். ஆனால் அவன் படிப்பு முடிந்துவிட்டது, விசாவும் முடிகிறது, ஒரு திங்கட்கிழமை வேறு ஒரு நாட்டுக்கு விமானம். சொந்த ஊருக்குப் போக வழியில்லை. ஆகவே அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் கூட்டம் நடந்தே ஆக வேண்டும். அதிலும் மதியத்துக்குப் பிறகுதான். காலை வேளையில் அவன் அம்மாவின் அழைப்புக்காக அறையில் காத்திருப்பான். அங்கே சிக்னல் கிடைக்கிற நேரம் அது. எதற்காகவும் அவன் அதை விடமாட்டான்.

எல்லாம் பேசி முடித்து நாலு நாள் இருக்கும்போது மாடி அறைக்காரர் கூப்பிட்டார். உங்கள் தலைப்பைப் பற்றி யாரோ விசாரித்தார்கள், எதற்கு வம்பு, வேறு தலைப்பு என்றால் தாராளமாக வாருங்கள் என்றார். யார் விசாரித்தார்கள் என்று கேட்டேன். வேறு தலைப்பைப் பற்றியே மறுபடி பேசினார். அவருக்கும் அது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பயப்படுவதற்கு ஆள் தேவையில்லை, விசாரித்தார்கள் என்ற சொல் போதும்.

அடுத்த நாள் முழுக்கப் போனும் கையுமாக இருந்தேன். பாலவாக்கத்தில் கடலோரம் வீடு வைத்திருக்கும் நண்பர், மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றவர் அப்புறம் போனையே எடுக்கவில்லை. தேனாம்பேட்டையில் ஒரு அலுவலகத்தின் கூட்ட அறை கிடைக்கும் போலிருந்தது. தலைப்பைக் கேட்டதும் அன்று பெயின்ட் அடிக்கிறார்கள் என்றார்கள். வங்கி அம்மாள் மட்டும் மனம் நொந்து சொன்னார். "எங்காத்துல வச்சுக்கலாம்னுதான் நேக்கும் ஆசை. ஆனா அசோசியேஷன்ல இப்பவே கேள்வி கேக்கறா. மன்னிச்சுக்கோங்கோ." அவர் மீது எனக்குக் கோபமில்லை. மற்றவர்கள் மீது இருந்தது, இன்னும் இருக்கிறது. தொண்ணூறு வருடத்துக்கு முன் நடந்த ஒரு கடையடைப்பைப் பற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து பேச இவ்வளவு பெரிய நகரத்தில் ஒரு அறை இல்லை என்றால் என்ன அர்த்தம்? சாயங்காலம் மாணவன் கூப்பிட்டான். பரவாயில்லை அண்ணா, எழுதியதை எனக்கு அனுப்பிவிடுங்கள், விமானத்தில் படித்துக்கொள்கிறேன் என்றான். பரவாயில்லை என்ற அந்த வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. நடக்கும், நீ வா, எங்கே என்று நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

எங்கே என்பது அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கடையில்தான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு.

தி.நகரைத் தெரிந்தவர்களுக்கு இதன் கொடுமை புரியும். ஞாயிறு மாலை எங்கள் சந்தில் நடக்க வேண்டியதில்லை. நின்றால் போதும், கூட்டமே நம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அந்த நேரத்தில் இரண்டு மணி நேரம் வியாபாரத்தை நிறுத்த வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். புத்தி கெட்டுப் போச்சா என்று கேட்டார். எங்கேயோ இருக்கிற ஊருக்கு நீ எதற்குத் தலையைக் கொடுக்கிறாய் என்றார். மாணவனைப் பற்றிச் சொன்னேன். அவன் அக்காவைப் பற்றியும், திங்கட்கிழமை அவன் கிளம்புவதைப் பற்றியும் சொன்னேன். கடையில் முடியாது என்றால் வாசலில் நின்று பேசுவேன் என்றேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது அவருக்குத் தெரியும். கடைசியில், பாதி ஷட்டர்தான், கல்லாவில் நான் இருப்பேன், என் கேள்வியை எல்லார் முன்னாலும் கேட்பேன் என்று மூன்று நிபந்தனை போட்டு ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே வந்தார்கள். துணிக்கட்டுகளை ஒதுக்கித் தரையில் ஜமக்காளம் விரித்தோம். வங்கி அம்மாளுக்கு ஒரு ஸ்டூல். கடையில் வேலை பார்க்கிற இரண்டு பெண்களுக்கும் விடுமுறை கொடுத்திருந்தும் அவர்கள் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கடைக்குள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு ரொம்ப நாள் ஆசையாம். மாணவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான். அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தான். அண்ணனும் தலையசைத்துவிட்டுக் கல்லாப்பெட்டியைப் பார்த்துக்கொண்டார்.

நான் யாஃபாவிலிருந்து தொடங்கினேன். ஆரஞ்சுத் தோப்புகள் சூழ்ந்த துறைமுகம். பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகுக்காரர்கள் போய் ஆட்களையும் சரக்கையும் இறக்கிக்கொண்டு வருவார்கள். துறைமுகம் கட்டுவதற்கு முன் நம் சென்னையிலும் அப்படித்தான். உள்நாட்டில் ஆலிவ் மரங்கள், கோதுமை நிலம், கிணறு, கடன். நிலத்தைத் தலைமுறை தலைமுறையாக உழுதவன் ஒருவன். பத்திரத்தில் பெயர் உள்ளவன் தூரத்து நகரத்தில் உட்கார்ந்திருக்கிற இன்னொருவன். அவன் விற்றுவிட்டால் உழுதவன் வெளியேற வேண்டியதுதான். இது நடந்துகொண்டிருக்கும்போதே முதல் உலகப் போர் வந்தது. துருக்கியர் போய் ஆங்கிலேயர் வந்தார்கள். வருவதற்கு முன்பே, அந்த ஊர்க்காரர்கள் யாரையும் கேட்காமல், யூதர்களுக்கு அங்கே ஒரு தேசிய இல்லம் அமைய உதவுவோம் என்று லண்டனில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்தவன் வீட்டுக்கு இவர்கள் பட்டா எழுதினார்கள்.

ஐரோப்பாவில் துரத்தப்பட்ட யூதர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறினார்கள் என்பதையும் சொன்னேன். அவர்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை. அந்தப் பாவத்துக்கு ஐரோப்பா பொறுப்பேற்றிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் பாலஸ்தீன விவசாயியின் தலையில் கட்டியது பேரரசு. நிலமிழந்தவர்கள் ஹைஃபா நகரத்தின் தகரக் குடிசைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். மனுக் கொடுத்தார்கள், தூது போனார்கள், ஊர்வலம் போனார்கள். கமிஷன் வந்தது, போனது. கடைசியில் 1936 ஏப்ரலில் ஊருக்கு ஊர் குழு அமைத்து, எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். கடை, பஸ், பட்டறை. யாஃபாவின் படகுக்காரர்கள் துடுப்பைக் கீழே வைத்தார்கள். துறைமுகமே நின்று போயிற்று. குடியேற்றத்தை நிறுத்து, நில விற்பனையை நிறுத்து, எங்களுக்குப் பொறுப்பான அரசாங்கத்தை அமை. இவைதான் கோரிக்கைகள்.

நான் சூடு பிடிக்கிற நேரம் பார்த்து ஷட்டருக்குக் கீழே ஒரு தலை தெரிந்தது. மெரூன் லைனிங் இரண்டு மீட்டர் வேண்டும் என்றது. அண்ணன் எழுந்து, எங்கள் எல்லோரையும் தாண்டிப் போய், துணியை அளந்து வெட்டி, மடித்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பெருங்குடி இளைஞர்கள் சிரித்தார்கள். "பாத்தேல்லா? இதத்தான் நான் சொன்னேன்" என்றார் அண்ணன். எனக்கு முகம் சிவந்தது. ஆனாலும் விடவில்லை.

பிரிட்டிஷ் ராணுவம் என்ன செய்தது என்று சொன்னேன். கிராமம் கிராமமாகக் கூட்டு அபராதம். ஒருவன் சுட்டால் பக்கத்து வீட்டைத் தகர்ப்பது. சோதனை என்று வீடு புகுந்து கோதுமையையும் எண்ணெயையும் ஒன்றாகக் கொட்டிப் பாழாக்குவது. யாஃபாவின் பழைய நகரத்தில் சந்துகள் குறுகல். ராணுவத்தால் நுழைய முடியவில்லை. ஒருநாள் விமானத்திலிருந்து துண்டுப் பிரசுரம் போட்டார்கள். நகர மேம்பாட்டுக்காக உங்கள் வீடுகள் இடிக்கப்படும் என்றது அது. பிறகு வெடிவைத்துச் சந்துகளின் நடுவே அகலமான பாதைகளைத் திறந்தார்கள். இது மேம்பாடு அல்ல, உண்மையைச் சொல்ல அரசுக்குத் துணிச்சல் இல்லை என்று அங்கிருந்த ஆங்கிலேய நீதிபதியே சொன்னார். அதற்காக அவர் பதவி போயிற்று. நகர மேம்பாடு என்ற வார்த்தையைக் கேட்டதும் ஆசிரியர் பெருமூச்சு விட்டார். நம் கடற்கரைக் குப்பங்களில் அந்த வார்த்தைக்கு விளக்கம் தேவைப்படாது.

அப்போதுதான் அண்ணன் தன் கேள்வியைக் கேட்டார். எல்லாம் சரி, ஆறு மாதம் என்ன சாப்பிட்டார்கள்? கடைக்காரன் பிள்ளைக்குப் பால் யார் கொடுத்தது? நிஜமாகவே ஒருத்தனும் திறக்கவில்லையா?

நான் படித்ததைச் சொன்னேன். கிராமத்திலிருந்து காய்கறி வந்தது. பெண்கள் குழு அமைத்து நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஊர்க் குழுக்கள் மாவு பங்கிட்டன. அண்ணன் கேட்டுக்கொண்டார். ஆனால் அது அவருக்குப் போதவில்லை என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. பதில் பின்னாலிருந்து வந்தது. மாணவன் ஆங்கிலத்தில் பேசினான். நான் அண்ணனுக்காக ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

என் கொள்ளுத்தாத்தா திறந்தார் என்றான்.

நாலாவது மாதம். பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். பின்வாசல் வழியாகத் துணி கொடுத்திருக்கிறார். பிறகு இன்னொருவருக்கு. பிறகு தினமும். அரபு வியாபாரி, ஆங்கிலேயரின் மான்செஸ்டர் துணியை, வேலைநிறுத்தத்தின் நடுவில், பின்வாசலில் வைத்து விற்றிருக்கிறார். இவ்வளவு கஷ்டப்பட்டுக் கூட்டிய கூட்டத்தில் அண்ணன் பக்கம் சாட்சி சொல்ல இவனே வந்துவிட்டானே என்றிருந்தது. அவன் நிறுத்தவில்லை. கொள்ளுப்பாட்டிக்கு விஷயம் தெரிந்தது. அவள் சண்டை போடவில்லை, குழுவிடம் போய்ச் சொல்லவும் இல்லை. வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து பின்வாசலில் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள். கையில் ஊசியும் நூலும். காலையில் வருவாள், இருட்டினதும் போவாள். வேலைநிறுத்தம் முடிகிறவரை அந்த வாசல் திறக்கவில்லை.

இதை நீ மறைத்திருக்கலாமே தம்பி என்று அண்ணன் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். அதற்கு அவன் சொன்னதை நான் வார்த்தை மாறாமல் தமிழில் சொல்ல முயன்றேன்.

"எங்களில் எல்லோரையும் வீரர்களாக்கிச் சொல்லாதீர்கள். வீரன் செத்தால் சிலை வைப்பார்கள், யாரும் அழ மாட்டார்கள். அவர் பயந்தவர். பிள்ளைகள் பசித்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் சேர்ந்துதான் ஆறு மாதம் நின்றார்கள்."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "அப்ப கடையை அடைச்சது அந்தம்மாதான்" என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் மாணவன் சிரித்தான். வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்களாம். அவன் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஷட்டருக்குக் கீழே வரிசையாகக் கால்கள் வந்து நின்றன. வளையல் கடை அண்ணாச்சி முதலில் குனிந்து வந்தார். முகம் தொங்கியிருந்தது. பின்னால் பேன்சி ஸ்டோர்காரர், ஜூஸ் கடை பாய், அவர்களுக்குப் பின்னால் சந்து முனையில் பூ விற்கிற அம்மா. அவர் கையில் ஆளுயர ரோஜா மாலை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் சந்தில் பந்த் இல்லாத நாளில், அதுவும் ஞாயிறு மாலையில் ஒரு கடை ஷட்டர் இறங்கினால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. உள்ளே ஆட்கள் தரையில் உட்கார்ந்திருப்பது வேறு வெளியிலிருந்து தெரிந்திருக்கிறது. எங்களிடம் கேட்க மனமில்லாமல், தங்களுக்குள் பேசி, காசு போட்டு மாலை கட்டச் சொல்லியிருக்கிறார்கள். நான் எட்டிப் பார்த்தேன். எதிர்வரிசைக் கடைகளிலெல்லாம் மரியாதைக்கு ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

பூக்கார அம்மாதான் கேட்டார். "இன்னா நைனா, சொல்லி வுடக் கூடாதா? கடையைச் சாத்திக்கினு உள்ள குந்திக்கினு கீறீங்க. யாரு பூட்டாங்க? ஊர்ல அம்மாவா?"

அய்யோ, அதெல்லாம் ஒன்றுமில்லை, இது வேறே என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிடும் போலவும் இருந்தது. அதற்குள் அண்ணன் கல்லாவை விட்டு எழுந்துவிட்டார்.

"துக்கந்தான்" என்றார். "இந்தத் தம்பி வீட்ல. அக்காவும் அக்கா பிள்ளையளும்."

எந்த ஊர் என்று வளையல் கடை அண்ணாச்சி கேட்டார். பாலஸ்தீனம் என்றார் அண்ணன். டிவியில் காட்டுகிறார்களே அதுவா என்று பூக்கார அம்மா கேட்டதற்கு, ஆமாம் அதுதான் என்றார்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் பேச மாட்டார்கள். இரண்டு கைகளையும் நீட்டி, துக்கவீட்டுக்காரரின் கைகளைத் தொட்டுவிட்டு ஒதுங்கி உட்கார்வார்கள். மாணவனுக்கு அது தெரியாது. என்ன நடக்கிறது என்றே தெரியாமல் எழுந்து நின்றான். அண்ணன் அவன் பக்கத்தில் போய் நின்று, முழங்கையைப் பிடித்து, கைகளை இப்படி வைத்துக்கொள் என்று காட்டினார். இவர்கள் உன் அக்காவுக்காக வந்திருக்கிறார்கள் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வளையல் கடை அண்ணாச்சி கையைத் தொட்டார். பேன்சி ஸ்டோர்காரர் தொட்டார். ஜூஸ் கடை பாய் தொட்டுவிட்டு, அவன் காதருகே அரபியில் ஒரு வரி சொன்னார்; மரணச் செய்தி கேட்டால் சொல்வது அது. அதுவரை நேராக நின்றிருந்தவன் அந்த வரியில் உடைந்து போனான். வங்கி அம்மாள், ஆசிரியர், பெருங்குடி இளைஞர்கள், இத்தனை மாதமாக ஆங்கிலத்தில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் வரிசையில் போய் அவன் கையைத் தொட்டோம்.

மாலையை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் தன் போனை எடுத்து ஒரு படத்தைத் திறந்தான். கடற்கரையில் ஒரு பெண், இரண்டு பக்கமும் பிள்ளைகள், எல்லோருக்கும் காற்றில் பறக்கிற தலைமுடி. அண்ணன் மேசையில் துணிக்கட்டு ஒன்றை நிமிர்த்தி, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தார். பூக்கார அம்மா மாலையைச் சுற்றிலும் போட்டார். மாலை பெரியது, போன் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அணைந்துகொண்டே இருந்தது. கடையில் வேலை பார்க்கும் பெண்களில் ஒருத்தி பக்கத்தில் நின்று, அணையும்போதெல்லாம் தொட்டுத் தொட்டு ஏற்றினாள். அவன் ஒவ்வொருவர் பெயரையும் எங்களுக்குச் சொன்னான். அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. எங்கள் சந்துக்குத் தெரியும்.

வந்தவர்கள் எழுந்து போகவில்லை. துக்கவீட்டில் உடனே எழுந்து போவது மரியாதை இல்லை. அண்ணன் என்னைப் பார்த்து, மிச்சத்தையும் சொல்லு, இவங்களும் கேக்கட்டும் என்றார். அக்டோபரில் வேலைநிறுத்தம் முடிந்ததைச் சொன்னேன். அக்கம்பக்கத்து அரபு மன்னர்கள் நிறுத்தச் சொன்னதும், ஆரஞ்சு அறுவடை நெருங்கியதால் தோப்புக்காரர்கள் அவசரப்பட்டதும் காரணங்கள் என்று மறைக்காமல் சொன்னேன். கேட்டது எதுவும் கிடைக்கவில்லை. மறு வருடம் நாட்டைத் துண்டு போடும் திட்டம் வந்தது. இந்த முறை விவசாயிகள் துப்பாக்கியோடு மலையேறினார்கள். தலையில் விவசாயியின் கட்டம் போட்ட துணி இருந்தால் ராணுவம் பிடிக்கிறது என்றதும், நகரத்துக்காரர்கள் தங்கள் சிவப்புக் குல்லாயைக் கழற்றிவிட்டு அதே துணியைக் கட்ட வேண்டும் என்று போராளிகள் சொன்னார்கள். வக்கீலும் குமாஸ்தாவும் கட்டினார்கள். யார் போராளி, யார் கடைக்காரன் என்று ராணுவத்துக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று. துணி வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. பேன்சி ஸ்டோர்காரர் பலே என்று தொடையில் தட்டினார்.

பிறகு நசுக்கினார்கள் என்றேன். தூக்கில் போட்டார்கள், நாடு கடத்தினார்கள், ஆயுதத்தைப் பிடுங்கினார்கள். பத்து வருடம் கழித்து வீடுகளை விட்டே துரத்தியபோது தடுத்து நிற்க ஆளும் இல்லை, கருவியும் இல்லை. தோற்றார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பேரரசு போய்விட்டது. நாற்காலி போட்டு உட்கார்ந்தவளின் கொள்ளுப்பேரன் எங்கள் கடையில் உட்கார்ந்திருக்கிறான். ஊர் எது என்று கேட்டால் இன்றைக்கும் யாஃபா என்கிறான். இவர்கள் விடமாட்டார்கள். எந்த அறையை மூடினாலும் இதைச் சொல்வதை நானும் விடமாட்டேன்.

கூட்டம் கலைந்தது. துக்கவீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் விடை பெறுவதில்லை. இன்னொரு முறை இப்படி ஒரு வீட்டுக்கு வர நேர்ந்துவிடக் கூடாது என்று, சொல்லாமல்தான் போவார்கள். வளையல் கடை அண்ணாச்சி அப்படியே எழுந்து போனார். மற்றவர்களும் போகத் தொடங்கினார்கள். மாணவன் போனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். விமானத்துக்குப் பெட்டி கட்ட வேண்டும். அண்ணன் முன்னால் வந்து நின்று, மெஸ்ஸில் கற்ற தமிழில் தெளிவாகச் சொன்னான்.

"போய்ட்டு வரேன்."

வெளியே போனவர்கள் நின்றுவிட்டார்கள். பூக்கார அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும், இந்த இடத்தில் அப்படிச் சொல்லக்கூடாது என்று. நான் அண்ணனைப் பார்த்தேன். சாத்திரம் சம்பிரதாயத்தில் ஒரு எழுத்து பிசகினாலும் பொறுக்காதவர் அவர்.

"போயிட்டு வா" என்றார் அண்ணன், சந்து முழுக்கக் கேட்கும்படி, கிட்டத்தட்ட அதட்டலாக. "வரணும்."